பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்

"நீலப் பெட்டி. ஒரு சக்கரம் கிடையாது. கைப்பிடியில சிவப்பு நாடா கட்டியிருக்கும்," என்று தொலைந்த பெட்டி கவுன்டரின் எதிரே நின்ற பயணி அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் படிவத்தில் 'நீலம்' என்று எழுதி முடிக்கவும் போன் அதிரவும் சரியாக இருந்தது. அண்ணன். காலை ஒன்பது மணிக்கு அவன் கூப்பிடவே மாட்டான். தங்கை இருக்கும் ஊரில் அது படுக்கப்போகிற நேரம் என்று அவனுக்குத் தெரியும்.

பயணியிடம் ஒரு விரலைக் காட்டிவிட்டு, யாரும் கேட்டு வராத பெட்டிகளை அடுக்கியிருந்த அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"பாப்பா, தூங்கிட்டியா?"

"இல்லண்ணா, சொல்லு."

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. மூச்சு இழுக்குது. டாக்டர் வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போனாரு. ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள்ங்கறாரு. உன்னால எப்ப வர முடியும்?"

தலைக்கு மேலே ஒலிபெருக்கி ஏதோ ஒரு விமானத்தின் கதவு மூடப்போவதாக அறிவித்தது. அவள் போனை உள்ளங்கையால் பொத்தினாள்.

"என்ன சத்தம் அங்க?"

"டிவிண்ணா."

அவள் நின்ற இடத்திலிருந்து அப்பாவின் கட்டிலுக்கு நாற்பது கிலோமீட்டர். விமான நிலைய வாசலிலேயே பஸ் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரம்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்," என்றாள்.

ஏழு மாதமாக அவள் இங்கேதான் இருக்கிறாள். கணவன் அடித்தான், குடித்தான் என்றிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய் அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதிருப்பாள். அவன் ஒரு நாள் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்," என்றான். அவ்வளவுதான். நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்க அதில் ஒன்றுமில்லை. ஒரு பெட்டியோடு திரும்பி வந்து இறங்கியவள், டாக்ஸி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றாள். அவள் முறை வந்தபோது கால் வரவில்லை. இரண்டு நாள் போகட்டும் என்று பக்கத்தில் ஒரு அறை எடுத்தாள். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆயிற்று. அப்புறம் தொலைந்த பெட்டி கவுன்டரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போன் பேசும்போது கணவனைக் கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறான் என்பாள்.

கால் வராததற்குக் காரணம் அப்பாதான். பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி எழுதி, உலகத்தையே கிலோமீட்டராகவும் நிமிடமாகவும் பார்க்கப் பழகியவர். இந்தச் சம்பந்தம் வந்தபோது வேண்டாம் என்றார். "அவ்வளவு தூரத்துல ஒரு கஷ்டம்னா யாரும்மா ஓடி வருவா?" என்றார். இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள், "கஷ்டம் வந்தா நானே ஓடி வந்துடறேன், போதுமா?" என்றாள். வாய்க்கொழுப்பு. அப்பா அதற்கு மேல் தடுக்கவில்லை.

கல்யாணம் முடிந்த கையோடு தூரத்தைக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போனில் தேடி, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் பன்னிரண்டாயிரத்து எழுநூறு என்று சொன்னான். "அது நேர்கோடுடா. நேர்கோட்டுல காக்காகூடப் பறக்காது. எங்க நிக்குது, எங்க மாத்தி ஏறணும், அதெல்லாம் சேத்துச் சொல்லு," என்றார். இரண்டு விமானங்களின் தூரத்தையும் கூட்டியபோது பதிமூவாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு வந்தது. அன்றிலிருந்து யார் விசாரித்தாலும் மகள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்வதற்கு முன்னால் இந்த எண்ணைச் சொல்லிவிடுவார். வேண்டாம் என்ற மனிதர்தான், ஆனால் தெரு முழுக்க அந்தத் தூரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். அந்த மனிதரின் முன்னால் ஒரு பெட்டியோடு போய் எப்படி நிற்பது?

கவுன்டருக்குத் திரும்பியபோது பயணி முனகிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த பெல்ட்டக்கா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பெட்டிகள் சுற்றி வரும் பெல்ட்டின் அருகிலேயே பதினாறு வருடம் வேலை பார்த்ததால் வந்த பெயர் அது. அந்தக் கட்டடத்தில் இவளுடைய கதை தெரிந்த ஒரே ஆள்.

பயணி போனதும் இவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்புறம் என்னடி நிக்கற? பையை எடு, கிளம்பு. நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்க்கா."

"நாளைக்கா? அடிப்பாவி!"

"ரெண்டு மூணு நாள் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாளைக்குப் போனா ப்ளேன்ல வந்த மாதிரி ஆயிடும். எல்லாருக்கும் நடுவுல, அப்பா அந்த நெலமையில இருக்கும்போது, ஏழு மாசக் கதையை எப்படிக்கா எடுத்து விரிக்கறது?"

"எமன் என்ன உங்கப்பா மாதிரி டைம் பாத்தா வருவான்?" என்றாள் பெல்ட்டக்கா.

ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இவளுக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு விமானம். கவுன்டர் கணினியில் தேடினாள். இந்த ஊர் நேரப்படி இரவு எட்டுக்கு அங்கிருந்து கிளம்பி, காலை எட்டரைக்கு நடுவில் ஓர் ஊரில் இறங்கி, அங்கே மாறி ஏறி, பிற்பகல் மூன்று மணிக்கு இங்கே வந்து சேரும் ஒன்று இருந்தது. எண்ணை அண்ணனுக்கு அனுப்பினாள். 'டிக்கெட் கிடைச்சதே பெரிய விஷயம்' என்று பதில் வந்தது.

நாலு மணிக்கு அண்ணன் மறுபடி அழைத்தான். "ஏர்போர்ட் வந்துட்டியா பாப்பா?"

"வந்துட்டேண்ணா." அன்றைக்கு அவள் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

"அப்பா முழிச்சிருக்காரு. காதுல வெக்கறேன், பேசு."

மூச்சு மட்டும் கேட்டது. மேட்டில் ஏறும் பழைய வண்டியின் இரைச்சல்போல இழுத்து இழுத்து வந்தது. பிறகு குரல்.

"எங்கம்மா இருக்க?"

"ஏர்போர்ட்லப்பா."

"எந்த ஏர்போர்ட்?"

அவள் கண்ணெதிரே மூன்றாம் எண் பெல்ட் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்து மூடும்போதெல்லாம் பஸ் ஹாரன் கேட்டது.

"அங்கதான்ப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல ஏறிடுவேன்."

"சரிம்மா," என்றார் அப்பா. சற்றுக் கழித்து, "மெதுவா வா," என்றார்.

அண்ணன் போனை வாங்கிக்கொண்டான். "எந்த ஏர்போர்ட்டாம், கேள்வியப் பாரு! நினைவு முன்னபின்னதான் இருக்கு. நீ கவலப்படாம ஏறு."

எட்டு மணிக்கு அவள் போனை அணைத்தாள். அணைத்துத்தான் ஆக வேண்டும். வானத்தில் பறக்கிறவளின் போன் அடிக்கக் கூடாது. அறையில் தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, விடிந்தும் விடியாததுமாக வேலைக்கே வந்துவிட்டாள். கவுன்டர் மேஜையின் கீழ் அறையில், சொந்தக்காரரிடம் சேர்த்த பெட்டிகளிலிருந்து கழற்றிய, விமான எண் அச்சிட்ட காகிதப் பட்டைகள் கிடக்கும். முந்தின வாரம் அதே விமானத்தில் வந்த பெட்டி ஒன்றின் பட்டையைத் தேடி எடுத்து, தேதி உள்பக்கம் போகும்படி மடித்து, தன்னுடைய பெட்டியின் கைப்பிடியில் ஒட்டினாள். கசங்கியது. மறுபடி பிரித்து ஒட்டினாள். பெல்ட்டக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

எட்டு முப்பத்தைந்துக்கு முதல் விமானம் இறங்கிவிட்டதாகக் கணினி காட்டியது. போனை ஆன் செய்தாள்.

'அப்பா போயிட்டாரு பாப்பா. காலைல 6.10. தூக்கத்துலயே. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கோம். பதட்டப்படாத. எங்கயாவது உக்காந்து ஏதாவது சாப்பிடு.'

ஆறு பத்துக்கு அவள் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். கசங்கிவிட்டதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதாவது ஓடியிருக்கலாம். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் புலி வாலைப் பிடித்த கதை. உயிரோடு இருந்த அப்பாவைப் பார்க்கப் போகாதவள், இப்போது ஓடி, நான் நாற்பது கிலோமீட்டரில்தான் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. வந்து போகிறவர்கள் பார்ப்பார்களே என்று அதையும் செய்யவில்லை. அப்போதும் பார்ப்பவர்களைப் பற்றித்தான் நினைத்தோம் என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

இரண்டாவது விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று பதினொரு மணிக்குத் திரையில் வந்தது. உடனே அண்ணனிடமிருந்து செய்தி: 'லேட்டாமே. பரவாயில்ல, இருட்டறதுக்குள்ள வந்துடுவ. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.'

பெல்ட்டக்கா எட்டி அதைப் படித்தாள். அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அங்க அவங்க பொணத்தை வெச்சுக்கிட்டு உனக்காகக் காத்திருக்காங்க. நீ இங்க ப்ளேனுக்காகக் காத்திருக்க. நீ ஏறாத ப்ளேனுக்கு!"

இவள் தலை குனிந்துகொண்டாள். பெல்ட்டக்கா எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்து அருகில் வைத்தாள். அது ஆறிப்போயிற்று.

விமானம் நாலுக்கு இறங்கியது. அதில் உண்மையாகவே வந்தவர்கள் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக வெளியே வந்தார்கள். அவர்களோடு கலந்து நடந்து டாக்ஸியில் ஏறினாள்.

தெருமுனையிலேயே அண்ணன் நின்றிருந்தான். பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளிலிருந்து ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

"பாவம், எவ்வளவு தூரம்!"

"பதிமூவாயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டு," என்று ஒரு பெரியவர் எண்ணைச் சுத்தமாகச் சொன்னார். "அவர் சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடம்."

"பெத்தவருக்காக ஒரு நாள் பூரா பறந்து வந்திருக்கா. யாருக்கு வரும் இந்த மனசு?"

அப்பா கூடத்தில் கிடந்தார். தாடை சிறுத்து, சவரம் செய்த முகம். யாரோ நன்றாகச் செய்துவிட்டிருந்தார்கள். அண்ணியாகத்தான் இருக்கும். அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்த இரண்டு வருடமாக அவளுடைய வேலை அது. இவள் அருகில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தொட்டாள். அழுகை வந்தது. எல்லாரும் அவளைப் பார்த்து அழுதார்கள். அப்பாவுக்காக அழுகிறோமா, அகப்பட்டுக்கொள்ளாமல் வந்து சேர்ந்ததற்கு அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பெரியவர் பழைய டிரைவர். கால்மாட்டில் நின்று, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"ஒரு தடவ ஏழு நிமிஷம் பொய் சொன்னேன்மா உங்கப்பாகிட்ட. ஆறு அஞ்சுக்கே வந்துட்டேன்னு. எஞ்சின் மூடி மேல கைய வெச்சுப் பாத்தாரு. சூட்டுலயே கண்டுபிடிச்சுடுவாரு மனுஷன். ஆனா ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. நானா சொல்ற வரைக்கும் கேக்கவே இல்ல. நாலு நாள் கழிச்சு நானே போய் ஒத்துக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் எழுதினதைத் திருத்தினாரு."

கூட்டத்தில் இரண்டு பேர் அழுகையோடு சிரித்தார்கள். அண்ணி வந்து இவள் தோளைத் தொட்டு, "ஒரு நிமிஷம் உள்ள வா. முகம் கழுவிக்கோ, கிளம்ப இன்னும் அரை மணி இருக்கு," என்று அப்பாவின் அறைக்குள் கூட்டிப்போனாள்.

கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணி வாளியில் வெந்நீர் கொண்டுவந்து அவளுடைய காலடியில் வைத்தாள்.

"காலை இதுல வை. ஒரே இடத்துல உக்காந்து வந்தா வீங்கிப்போகும். போன தடவ வந்தப்ப செருப்பே நுழையல உனக்கு."

அவள் காலை வைக்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு கடிகாரங்கள். ஒன்று வீட்டுக் கடிகாரம். இன்னொன்று, அவள் கல்யாணமாகிப் போன வாரத்தில் அப்பா வாங்கி மாட்டியது. அவள் இருக்கும் ஊரின் நேரத்தைக் காட்டுவதற்காக. இரண்டும் ஆறு ஐந்து காட்டின.

"அது ஏன் அண்ணி அப்படி ஓடுது?"

"அதுவா? ரெண்டு மாசமா அப்படித்தான். மாமாவே ஒரு நாள் ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வெச்சுட்டாரு. நான் பதறிப்போயிட்டேன், விழுந்திருந்தா என்ன ஆகறது? ஏன் மாமான்னா, 'இனிமே ரெண்டும் ஒரே டைம்தாம்மா'ன்னாரு. வயசாயிடுச்சு, குழம்பறாருன்னு நாங்களும் விட்டுட்டோம்."

இரண்டு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவு வந்தது. அப்பா எப்போதும் கேட்பதுபோல, "இப்ப அங்க மணி என்னம்மா?" என்று கேட்டார். அவள் எப்போதும்போல விரல் விட்டுப் பத்தரை மணி நேரத்தைக் கழித்து, "காலைல எட்டுப்பா," என்றாள். "எட்டா?" என்றார். "எட்டுதான்." பிறகு, "சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ," என்று வைத்துவிட்டார். அந்த நாட்டில் வருடத்துக்கு ஒரு முறை குளிர்காலம் தொடங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த வாரம்தான் தள்ளியிருந்தார்கள். அங்கே மணி ஏழு. அங்கே இருக்கிறவர்களால் அதை மறக்க முடியாது. இங்கே இருந்துகொண்டு விரல் விட்டு எண்ணுகிறவள் மறந்துவிட்டாள். அப்பா மறக்கவில்லை. வருடா வருடம் அந்த நாளுக்குக் காத்திருந்து முள்ளைத் திருப்பி வைக்கிற மனிதர் அவர்.

எந்த ஏர்போர்ட் என்று அவர் குழம்பிக் கேட்கவில்லை.

"என்ன அப்படியே பாக்கற? காலை வை," என்று அண்ணி குனிந்து அவளுடைய பாதத்தைப் பிடித்தாள். பிடித்தவள் நிமிர்ந்தாள். "வீங்கவே இல்லையே."

"நான் ப்ளேன்ல வரல அண்ணி," என்றாள் அவள். "இங்கதான் இருந்தேன். ஏழு மாசமா."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன், அறை, கவுன்டர், பட்டை. அண்ணி தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள். அவளுடைய கை வாளியின் விளிம்பில் இருந்தது.

"அப்ப நேத்தும் இங்கதான் இருந்த?"

"ஆமா."

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ஒன்றேகால் மணி நேரம்."

அண்ணி வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நேத்துச் சாயங்காலம் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கதவைச் சாத்தட்டுமான்னேன், வேண்டாம்னாரு. அவ வர ஒரு நாள் ஆகும் மாமா, நீங்க தூங்குங்கன்னு நான்தான் சொல்லிச் சொல்லித் தூங்க வெச்சேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "நான்தான்டி தூங்க வெச்சேன்."

"அண்ணி…"

"பேசாத." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நீ வந்து நின்னிருந்தா நாங்க என்ன உன்னைத் தின்னுருப்போமா? நான் அவ்வளவு கெட்டவளா?"

"இல்ல அண்ணி. நான்தான்… அண்ணன்கிட்டயும் சொல்லிடறேன். இப்பவே."

"சொல்லாத!" அண்ணி எழுந்து கதவருகே போய்த் திரும்பினாள். "அவரு ராத்திரி கண்ணை மூடல. ஒரு கை அப்பா மேல, ஒரு கைல போன், உன் ப்ளேனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. இப்பச் சொன்னா அழறதை விட்டுட்டுக் கோபப்படுவாரு. இன்னிக்கு அவரு அழணும். உன் பாரத்தை எறக்கி வெக்கறதுக்கு இன்னொரு நாள் வெச்சுக்கோ."

வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

இருட்டத் தொடங்கும்போது அப்பாவை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது அவளிடம், "பயணக் களைப்பு, நல்லா தூங்கும்மா," என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். ஆட்ட ஆட்டக் கழுத்து கனத்தது.

கழுவித் துடைத்த கூடம் அகலமாகிவிட்டிருந்தது. அண்ணன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அண்ணி சற்றுத் தள்ளி டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒண்ணு காட்டணும்," என்றான். போனைத் திறந்து ஒரு படத்தை எடுத்தான். "அப்பா போனதும் எனக்கு என்ன தோணுச்சுன்னே தெரியல. டாக்டருக்குப் போன் பண்ணக்கூட இல்ல. மொதல்ல இதைப் படம் புடிச்சு வெச்சேன்."

திரை முழுக்க நீலக் கடல். நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். மேலே மூலையில் நேரம் இருந்தது.

"அந்த நிமிஷம் நீ இங்க இருந்த பாப்பா. இன்னும் அஞ்சாயிரத்து எரநூறு கிலோமீட்டர் பாக்கி. தனியா இந்தக் கடலுக்கு மேல. இதை நெனச்சுத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு." விரலால் விமானத்தைத் தொட்டுக் காட்டினான். "அப்ப நீ முழிச்சிட்டா இருந்த? ஒனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

டம்ளர் துடைக்கும் சத்தம் நின்றது.

"இல்லண்ணா," என்றாள். "தூங்கிட்டு இருந்தேன்."

"அது நல்லதுதான்," என்றான் அண்ணன். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினான். விமானம் நழுவித் திரைக்கு வெளியே போய்விட்டது. கடல் மட்டும் இருந்தது. அவன் அதையே அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தான்.